வயிற்றுத் தோல் அறுவை முதலிலா, குழந்தை முதலிலா?

2023 ஜூன் 11 – ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டது

"எனக்கு 31 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன்பு, எடை குறைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டேன். 112 கிலோவிலிருந்து 70 கிலோவுக்கு வந்துவிட்டேன். உடம்பு இளைத்துவிட்டது, ஆனால் அடிவயிற்றுத் தோல் இரண்டு மடிப்பாகத் தொங்குகிறது. இப்போதே எடுத்துவிடலாம் என்று பிளாஸ்டிக் சர்ஜன் சொல்கிறார். வீட்டில் குழந்தையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். தோலை வெட்டி இறுக்கித் தைத்துவிட்டால் பிறகு வயிறு விரியாது, குழந்தை வளர இடம் இருக்காது என்கிறார் என் நாத்தனார். குழந்தை பிறந்த பிறகு செய்துகொள்ளலாம் என்றால், அப்போது எனக்கென்று யார் நேரம் தருவார்கள்? எதை முதலில் செய்வது?"

2023 ஜூன் 12

இரண்டு வருடத்துக்குள் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் வயிற்றை இப்போது தொடாதீர்கள். ஆனால் உங்கள் நாத்தனார் சொல்லும் காரணத்துக்காக அன்று. வயிற்றுத் தோலை எடுத்த பிறகு கருத்தரித்த பெண்கள் நிறைமாதத்தில் ஆரோக்கியமான குழந்தைகளைப் பெற்றிருக்கிறார்கள். அத்தகைய பிரசவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியும் இருக்கின்றன. கர்ப்பப்பை வளர வளர, மேலே இருக்கும் தோல் அதற்கு ஏற்றபடி விரிந்துகொடுக்கும். எனவே குழந்தைக்கு ஆபத்து என்ற பயம் வேண்டாம். அவ்வளவு வலி பட்டு, அவ்வளவு பணம் கட்டிச் செய்துகொண்ட வேலை ஒரு பிரசவத்தில் குலைந்துபோகலாம் என்பதே தள்ளிப்போடச் சொல்வதற்குக் காரணம்.

'டம்மி டக்' என்று எல்லாரும் சொல்லும் அந்த அறுவையில் தோலை மட்டும் வெட்டுவதில்லை. இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை அடிவயிற்றில் கீறி, தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் விலா எலும்பு வரை தூக்கி, நடுவில் விலகிப்போயிருக்கும் வயிற்றுத் தசைகள் இரண்டையும் நெடுகத் தைத்துச் சேர்த்து, மிஞ்சிய தோலை வெட்டி, தொப்புளுக்குப் புதிய இடம் வைத்துத் தைத்து முடிக்கிறார்கள். நம்மைப் போல நிறைய எடை குறைந்தவர்களுக்குத் தோல் பக்கவாட்டிலும் தளர்ந்திருப்பதால், நடுவயிற்றில் மேலிருந்து கீழாக இன்னொரு கீறலும் சில சமயம் தேவைப்படும். கர்ப்பம் வந்தால் தைத்த தசைகள் மறுபடி விலகலாம்; இறுக்கிய தோல் மறுபடி தளரலாம். பல வருடம் விரிந்தே இருந்ததால் நம் தோலின் மீள்திறன் ஏற்கெனவே குறைந்துவிட்டது. அதை எந்தக் களிம்பும் திருப்பித் தருவதில்லை.

எனக்கு ஸ்லீவ் நடந்தபோது வயது 28. எடை இறங்கி நின்ற பிறகு நான் போய்ப் பார்த்த பிளாஸ்டிக் சர்ஜன், என் வயிற்றைப் பார்ப்பதற்கு முன்பே, குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் எப்போது என்று கேட்டார். வீட்டில் கேட்கிறார்கள், பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர்கள் கேட்கிறார்கள், இவரும் அதையேதான் கேட்க வேண்டுமா என்று அன்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தபோது, அந்தக் கேள்வியைக் கேட்காமல் தேதி கொடுக்கிற மருத்துவரைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று தோன்றியது. நான் மகளைப் பெற்று, பால் மறக்கடித்து, எடை பழைய நிலைக்கு வந்த பிறகுதான் வயிற்று அறுவை செய்துகொண்டேன். உங்கள் சர்ஜன் அந்தக் கேள்வியைக் கேட்டாரா?

2023 ஜூன் 12, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது என்பது மட்டும் போதாது. எடை நிலையாக நின்று எத்தனை மாதம் ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். குறைந்தது மூன்று மாதம், பெரும்பாலும் ஆறு மாதம், ஏறாமல் இறங்காமல் இருந்தால்தான் தோல் அறுவைக்கு ஒப்புக்கொள்வார்கள். இன்னும் எட்டுப் பத்துக் கிலோ குறைய இருக்கும்போது தோலை எடுத்தால், அந்தக் கிலோக்கள் குறைந்த பிறகு மறுபடி தொங்கும்.

2023 ஜூன் 20

ஸ்லீவ் முடிந்து எட்டு மாதமே ஆன ஒரு வாசகி, தோலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், உடனே கருத்தரிக்கலாமா என்று கேட்கிறார். வேண்டாம். எடைக்குறைப்பு அறுவைக்குப் பிறகு குறைந்தது 12 முதல் 18 மாதம், சில பரிந்துரைகளின்படி 24 மாதம் வரை, கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். வேகமாக எடை இறங்கும் அந்தக் காலத்தில் தாயின் உடம்பே தன் தசையையும் சத்தையும் கரைத்துக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பிரசவப் பதிவுகளை வைத்து 2017-இல் வெளியான ஆய்வும், அறுவை முடிந்து இரண்டு வருடத்துக்குள் பிறந்த குழந்தைகளிடம் குறைமாதப் பிரசவமும் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டிய நிலையும் கூடுதலாக இருந்ததாகக் கூறியது.

இதில் பலரும் எதிர்பாராத ஒன்று உண்டு. பிசிஓடி என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு இருந்து மாதக்கணக்கில் தீட்டே வராத பெண்களுக்கு, எடை இறங்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே மாதவிடாய் ஒழுங்காகி, கருமுட்டை வெளிவரத் தொடங்கிவிடும். 'எனக்கு எங்கே தங்கப்போகிறது' என்று பல வருடம் நம்பியிருந்தவர்கள் கருத்தடையைப் பற்றி நினைப்பதேயில்லை. என் வார்டில் அடுத்த படுக்கையில் இருந்த பெண்ணுக்கு அப்படித்தான் தங்கியது. அவர் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் என்னிடம் தொலைபேசியில் அழுதார்.

கருத்தடை மாத்திரையை நம்பலாமா என்பது நீங்கள் செய்துகொண்ட அறுவையைப் பொறுத்தது. இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு மாத்திரை குடலில் சரியாகச் சேராமல் போகலாம் என்பதால் காப்பர்-டி போன்ற, வாய்வழி அல்லாத முறையைப் பரிந்துரைக்கிறார்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்கு அமெரிக்க வழிகாட்டி மாத்திரையை அனுமதிக்கிறது. பிரிட்டனில் எந்த எடைக்குறைப்பு அறுவைக்குப் பிறகும் வாய்வழி மாத்திரையைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். நான் காப்பர்-டி வைத்துக்கொண்டேன். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தோல் அறுவைக்குச் சில வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், ஏனென்றால் அது கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டுகிறது. நிறுத்திய மறுநாளிலிருந்து வேறு பாதுகாப்பு வேண்டும். இந்த இடைவெளியில்தான் திட்டமிடாத கர்ப்பம் வந்துவிடுகிறது.

2023 ஜூலை 2

எது முதலில் என்று இவ்வளவு பேசிவிட்டு, இரண்டுக்கும் பொதுவான ஒன்றைப் பேசாமல் இருந்தால் முறையாகாது. தோல் அறுவையும் கர்ப்பமும் ஒரே குதிரிலிருந்து நெல் எடுக்கின்றன. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. அதோடு, பி12 சத்தை உடம்பு உறிஞ்சத் தேவையான பொருளைச் சுரக்கும் பகுதியும், இரும்பைக் கரைக்கும் அமிலத்தைச் சுரக்கும் பகுதியும் பெருமளவு போய்விடுகின்றன. நம் நாட்டில் அறுவையே செய்துகொள்ளாத பெண்களின் நிலையும் நல்லதாக இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. இந்த நிலையில் முதலில் பெரிய அறுவை ஒன்றைச் செய்து இரத்தம் இழந்து, அது ஈடாவதற்குள் கருத்தரித்தால் அந்தக் கர்ப்பம் பற்றாக்குறையோடுதான் தொடங்கும்.

எனவே எதை முதலில் செய்வதானாலும் பரிசோதனைகள் ஒன்றே: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், அல்புமின். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். சேமிப்பில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்பதை ஃபெரிட்டின்தான் காட்டும். எனக்கு ஹீமோகுளோபின் ஓரளவு இருந்தும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருந்தது. மாத்திரையில் ஏறாமல், இரும்பைச் சிரை வழியாக ஏற்றிய பிறகுதான் மகப்பேறு மருத்துவர் சரி என்றார். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையை ஒட்டிக் காபியோ டீயோ குடிக்காதீர்கள்.

தோல் அறுவைக்கு முன்னும் பின்னும் புண் ஆற நாளுக்கு 70 முதல் 100 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம்தான் இருக்கிறது. நம் சின்ன இரைப்பையில் இட்லியையும் சாதத்தையும் முதலில் நிரப்பிவிட்டால் புரதத்துக்கு இடமே இருக்காது. தட்டில் முட்டை, மீன், கோழி, பயறு, பனீர் ஆகியவற்றை முதலில் சாப்பிட்டு, சாதத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருத்தரிக்க எண்ணுகிறவர்கள் தாங்கள் விழுங்கும் மல்டிவைட்டமினில் வைட்டமின் ஏ எந்த வடிவில் இருக்கிறது என்று அட்டையைப் பாருங்கள். ரெட்டினால் வடிவம் அதிகமானால் கருவுக்குக் கெடுதல். பீட்டா கரோட்டின் வடிவத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

2024 ஏப்ரல் 28

சென்ற வருடம் எழுதிய முதல் பதிலை இந்த வாரம் மறுபடி படித்தேன். 'வயிற்றைத் தொடாதீர்கள்' என்று அவ்வளவு உறுதியாக எழுதியதை எல்லாருக்கும் பொதுவான விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். அப்படி நினைக்க வைத்தது வேலூரிலிருந்து ஒரு வாசகி அனுப்பிய செய்தி. 60 கிலோவுக்கு மேல் குறைந்தவர். மடிப்பு தொடை வரை தொங்குகிறது. வெயில் காலம் முழுவதும் மடிப்புக்கு அடியில் தோல் வெந்து, நீர் வடிந்து, துர்நாற்றம் அடித்து, இரண்டு முறை சீழ் வைத்து மருத்துவமனையில் படுத்திருக்கிறார். குழந்தை பிறக்கும் வரை பொறுத்திருங்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அந்த மடிப்பில் என்ன நடக்கிறது என்பதைப் பலர் வெளியே சொல்வதில்லை. தோலும் தோலும் ஒட்டிக்கொண்டு வியர்வை காய வழியில்லாத இடத்தில் பூஞ்சை வளர்கிறது. சேலை கட்டுகிறவர்களுக்குப் பாவாடை நாடா சரியாக அந்த மடிப்பின் மேல் அழுத்தி உராய்ந்து புண்ணாக்குகிறது. நான் நாடாவை விட்டு அகலமான மீள்பட்டை வைத்த உள்பாவாடைக்கு மாறினேன். குளித்ததும் மடிப்பைத் தூக்கி ஒற்றித் துடைத்து, மின்விசிறிக் காற்றில் முழுவதும் காயவிட்டு, இடையில் மெல்லிய பருத்தித் துணி வைத்துக்கொண்டேன். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் களிம்புகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை: பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்த களிம்புகள் இரண்டு நாளில் அரிப்பை அடக்கிவிடும், தொடர்ந்து போட்டால் தோலை மெலியவைத்து, பூஞ்சையை இன்னும் பரவவைக்கும். ஏற்கெனவே தளர்ந்த தோலுக்கு அது பெருங்கேடு. தோல் மருத்துவரிடம் போங்கள்.

இவ்வளவு செய்தும் புண் திரும்பத் திரும்ப வந்தால், குழந்தைக்கு முன்பே மடிப்பை எடுப்பதுதான் சரி. ஆனால் அதற்கு முழு டம்மி டக் தேவையில்லை. தொங்கும் தோலையும் கொழுப்பையும் மட்டும் வெட்டி எடுக்கும் 'பானிகுலெக்டமி' என்ற அறுவை இருக்கிறது. அதில் தசைகளைத் தைத்துச் சேர்ப்பதில்லை. மேல்வயிற்றுத் தோலை இழுத்து இறுக்குவதும் இல்லை. வயிறு தட்டையாகிவிடாது, ஆனால் புண் வரும் இடம் போய்விடும். தசையைத் தைக்காததால் கர்ப்பத்தில் குலைவதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. மேல்வயிற்றையும் தசையையும் சரிசெய்யும் வேலையைக் குழந்தைகள் பிறந்த பிறகு இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளலாம். நோய்க்காகச் செய்யும் அறுவையையும் தோற்றத்துக்காகச் செய்யும் அறுவையையும் பிரித்துப் பார்த்தால், 'முதலிலா பிறகா' என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடுகிறது.

தோற்றத்துக்காக என்று நான் எழுதியதை இலேசான காரணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இளைத்த முகத்தோடும் தொங்கும் வயிற்றோடும் இருக்கும் பெண்ணைப் பார்த்து, மாசமாக இருக்கிறாயா என்று கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்கிறார்கள். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

2024 மே 3

கை, தொடை பற்றிக் கேட்டவர்களுக்கு: அவை கர்ப்பத்தோடு நேரடியாகச் சம்பந்தப்படாதவை. எடை நின்று, சத்து நிறைந்து, ஆறுவதற்கு நேரமும் இருந்தால் மேல்கைத் தோலை முன்பே எடுத்துவிடலாம். கர்ப்பத்தில் அளவுக்கு மீறி எடை ஏறினால் மட்டும் பலன் குறையும். மார்பகம் அப்படியில்லை. கர்ப்பமும் பாலூட்டலும் அதன் வடிவத்தை மாற்றிவிடும். தூக்கித் தைக்கும் அறுவையில் பால் குழாய்கள் வெட்டுப்பட்டால் பால் குறையவும் கூடும். காம்பின் கீழுள்ள சதையைத் துண்டிக்காமல் வைக்கும் முறைகள் உண்டு என்றாலும், பொறுக்க முடிந்தவர்கள் பொறுத்திருப்பதே நல்லது. பால் கொடுப்பதை நிறுத்தி மூன்று முதல் ஆறு மாதம் கழித்துத்தான் மார்பகத்தின் உண்மையான அளவு தெரியும்.

2024 ஆகஸ்ட் 17

"டம்மி டக் செய்து ஐந்து மாதம். நேற்று இரண்டு கோடு வந்தது. கலைத்துவிட வேண்டுமா?"

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு அன்றே தனியாகப் பதில் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். தோல் அறுவை செய்திருக்கிறோம் என்பதற்காகக் கலைக்க வேண்டியதில்லை. அறுவைக்குப் பிறகு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை இடைவெளி விடச் சொல்வது புண்ணும் தசைத் தையலும் உறுதிப்படுவதற்காகவும், இழந்த சத்து சேர்வதற்காகவும்தான். முதல் மூன்று மாதத்தில் வயிறு பெரிதாக விரிவதில்லை; அதற்குள் தழும்பு இன்னும் உறுதியாகிவிடும். ஏழாம் மாதத்துக்கு மேல் மற்றவர்களைவிட இறுக்கமாக உணரலாம், தழும்பு அரிக்கலாம், முதுகு வலி வரலாம். சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை. சிசேரியன் தேவைப்பட்டால் பெரும்பாலும் அதே தழும்பின் வழியாகவே திறக்க முடியும்.

மகப்பேறு மருத்துவரிடம் அறுவைக் குறிப்பை எடுத்துக்கொண்டு போங்கள். தசை தைக்கப்பட்டதா, தசைக்குத் தாங்கலாக வலை ஏதும் வைக்கப்பட்டதா, கீறல் எங்கே என்பவை அதில் இருக்கும். 'வயிற்றில் ஒரு ஆபரேஷன்' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ஸ்லீவா, பைபாஸா என்பதும் அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

2024 ஆகஸ்ட் 18

அது ஏன் தெரிய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் 2007 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை கட்டாயம். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து 140-ஐத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். நல்ல திட்டம், எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் நம் வயிற்றுக்கு அந்தக் குளுக்கோஸ் ஒத்துக்கொள்வதில்லை. குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு அது நேரே சிறுகுடலில் கொட்டி, படபடப்பு, வியர்வை, வாந்தி, பிறகு சர்க்கரை மளமளவென்று இறங்கி மயக்கம் என்று ஆகிவிடும். அளவும் நம்பத்தக்கதாக இருக்காது. அதற்குப் பதிலாக 24 முதல் 28-ஆம் வாரத்துக்குள் ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றிலும் சாப்பாட்டுக்குப் பிறகும் பார்த்துக் குறித்துக் கொடுக்கலாம். என் ஆரம்பப் பரிசோதனையில் ஆய்வகப் பணியாளர் டம்ளரை நீட்டியபோது நான் மறுத்து, மருத்துவரை அழைக்கச் சொன்னேன். நீங்களும் தயங்காமல் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு. வாந்தி நிற்காமல் போனால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதற்கு முன் தயமின், அதாவது பி1 ஊசி போட வேண்டும் என்று நினைவூட்டுங்கள். தயமின் வற்றிய உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். பைபாஸ் செய்தவர்களுக்குக் கடைசி மாதங்களில் வயிற்றின் மேற்பகுதியில் வலி விட்டுவிட்டு வந்தால், அதை வாயு என்றோ பொய்வலி என்றோ ஒதுக்கிவிடக் கூடாது. குடல் உள்ளே சிக்கிக்கொள்ளும் ஆபத்து அவர்களுக்கு உண்டு. எடைக்குறைப்பு அறுவை தெரிந்த சர்ஜன் அன்றே பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துப் பயந்துவிடாமல் இருக்க ஸ்வீடன் ஆய்வு ஒன்றையும் சொல்கிறேன். 2015-இல் வெளியானது. எடைக்குறைப்பு அறுவை செய்து கருத்தரித்தவர்களில் 1.9 சதவீதத்தினருக்கே கர்ப்பகாலச் சர்க்கரை வந்தது. அறுவைக்கு முன் அவர்கள் இருந்த எடையிலேயே இருந்து, அறுவை செய்யாமல் கருத்தரித்தவர்களில் 6.8 சதவீதத்தினருக்கு வந்தது. கர்ப்ப வாரத்துக்கு ஏற்ற எடை இல்லாத குழந்தைகள் 7.6-க்குப் பதில் 15.6 சதவீதமாகக் கூடியிருந்தன. குழந்தையின் வளர்ச்சியை ஸ்கேனில் அடிக்கடி பார்க்கச் சொல்வது அதனால்தான்.

2024 நவம்பர் 9

சிசேரியன் மேசையிலேயே தோலையும் எடுத்துவிடலாமா, ஒரே மயக்க மருந்து, ஒரே செலவு என்று மூவர் கேட்டுவிட்டார்கள். கூடாது. அந்த நேரத்தில் கர்ப்பப்பை சுருங்கியிருக்காது. தோலும் தசையும் நீர் கோத்து விரிந்திருக்கும். எவ்வளவு வெட்டினால் சரியாக இருக்கும் என்று அளக்கவே முடியாது. பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் இரத்தம் உறையும் அபாயம் ஏற்கெனவே அதிகம். இரத்த இழப்பும் தொற்றும் இரண்டு அறுவைகளிலிருந்தும் சேர்ந்து வரும். பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டிய தாய், இடுப்பிலிருந்து நீர் வடியும் குழாய்களோடு எழுந்து உட்காரவும் முடியாமல் கிடப்பாள். செலவு மிச்சம் என்று சொல்கிறவர்கள் இந்தப் படுக்கையை நினைத்துப் பார்ப்பதில்லை.

காப்பீடு பற்றி: 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ ஒழுங்குபடுத்திய பொது விலக்குகளில் (காப்பீட்டில் பணம் தராத சிகிச்சைகளின் பட்டியலில்) எடைக்குறைப்பு அறுவைக்கு நிபந்தனைகளோடு இடம் இருக்கிறது: உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) குறைந்தது 40, அல்லது குறிப்பிட்ட கடுமையான இணைநோய்களோடு 35. தோல் அறுவை 'அழகு சிகிச்சை' என்ற விலக்கில் விழுகிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கான நேரடி ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியாக அவசியம் என்று மருத்துவர் சான்றளித்த சிகிச்சைக்கும் மட்டுமே விதிவிலக்கு. எனவே மடிப்புப் புண்ணால் அவதிப்படுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் தோல் மருத்துவரின் சீட்டையும், புகைப்படத்தையும், மருந்து ரசீதையும் சேர்த்து வையுங்கள். வேலூர் வாசகி அப்படிச் சேர்த்தவற்றை வைத்துத்தான் விண்ணப்பித்திருக்கிறார்.

2025 பிப்ரவரி 22

பிரசவத்துக்குப் பிறகு எப்போது என்பதற்கு நாட்காட்டியை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. குறைந்தது ஆறு மாதம், பால் மறந்திருக்க வேண்டும், எடை பழையபடி நின்றிருக்க வேண்டும், இரத்தம் ஊறியிருக்க வேண்டும். மருத்துவக் குறிப்புகளில் ஒரே வரியில் முடிந்துவிடும் இன்னொன்றுதான் நடைமுறையில் பெரிய தடை: அறுவைக்குப் பிறகு ஏறக்குறைய ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. கனமான பொருள் என்றால் சிலிண்டர், தண்ணீர்க் குடம் என்று நினைப்போம். அப்போது ஒரு வயதைக் கடந்திருந்த என் மகள்தான் எங்கள் வீட்டில் மிகக் கனமான பொருள். கையை நீட்டிக்கொண்டு ஓடிவரும் குழந்தையைத் தூக்காமல் இருப்பது, குனிந்தே நடந்த அந்த முதல் வாரங்களின் வலியைவிடக் கடினமாக இருந்தது. அம்மா வந்து தங்கியிருக்காவிட்டால் என்னால் முடிந்திருக்காது. யார் வந்து தங்குவார்கள் என்பதை முடிவு செய்த பிறகே தேதி வாங்குங்கள். 'அப்போது யார் எனக்கு நேரம் தருவார்கள்' என்ற கேள்வி நியாயமானது. அதற்குரிய பதிலைக் கணவரும் வீட்டாரும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும்.

வயதும் கணக்கில் வர வேண்டும். 37 வயதில் ஸ்லீவ் முடித்து, குழந்தை இல்லாத ஒரு வாசகி, தோல் அறுவைக்குப் பணம் கட்டியிருந்தார். அறுவை, ஆறுவதற்கு ஒரு வருடம், பிறகு முயற்சி என்றால் 39 ஆகிவிடும். 35-க்கு மேல் கருத்தரிக்கும் வாய்ப்பு வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகிறது. தோல் அறுவையோ 42 வயதிலும் இதே போல நடக்கும். அவரை முதலில் மகப்பேறு மருத்துவரிடம் போகச் சொன்னேன். எதிர்ப்பக்கமும் இருக்கிறது: 26 வயதுப் பெண், திருமணமே இன்னும் முடிவாகவில்லை, குழந்தை ஐந்தாறு வருடம் கழித்துத்தான் என்கிறவர், அத்தனை வருடம் மடிப்பைச் சுமக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பின்னால் ஒரு திருத்த அறுவை தேவைப்படலாம் என்பதைத் தெரிந்துகொண்டு அவர் செய்துகொள்ளட்டும்.

2025 செப்டம்பர் 14

இந்த வருடம் வரும் கேள்விகளில் பாதி எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றியவை. மார்ச்சில் மௌஞ்சாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்தன. ஸ்லீவுக்குப் பிறகு எடை திரும்ப ஏறியவர்களும், அறுவையே இல்லாமல் ஊசியால் இளைத்தவர்களும் இப்போது தோல் பற்றியும் குழந்தை பற்றியும் கேட்கிறார்கள். வேகமாக இளைத்தால் தோல் தொங்குவது எல்லாருக்கும் பொதுவானது. எடை நிற்க வேண்டும் என்பதும் அவர்களுக்கும் பொருந்தும். ஊசியை நிறுத்தினால் எடை ஏறும் வாய்ப்பு இருப்பதால், நிறுத்திய பிறகு எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் குழந்தை வேண்டுகிறவர்கள் கணக்குப் போட வேண்டும்.

வெகோவியில் இருக்கும் செமாக்ளுடைடைக் கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். மௌஞ்சாரோ தொடங்கும்போதும், ஒவ்வொரு முறை அளவைக் கூட்டும்போதும், அடுத்த நான்கு வாரம் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது, ஆணுறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோல் அறுவைக்குப் போகிறவர்கள் ஊசி போட்டுக்கொள்வதை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்த மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், முதல் நாள் இரவிலிருந்து பட்டினி கிடந்தாலும் வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. எந்த வாரத்து ஊசியை விட வேண்டும் என்பதை அவரே சொல்வார்.